பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டின் பின்னால் நிற்காதீர்கள்

புதுசா கால்நடைத் துறைக்கு வந்திருக்கற தம்பிங்களுக்கும் தங்கச்சிங்களுக்கும் ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, கால்நடை ஆய்வாளர். ஊர்ல எங்களுக்கு 'சினை ஊசிக்காரர்'னு பேரு. கொஞ்சம் மரியாதை ஜாஸ்தியா இருக்கற வீட்ல 'மாட்டு டாக்டர்'. உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரியில எழுபதுகளோட கடைசியில சேர்ந்து, எண்பதுகள் பூரா சைக்கிள்ல சுத்தினவன். ஊசி எப்படிப் போடணும், மருந்து எவ்ளோ கொடுக்கணும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அதெல்லாம் உங்களுக்குப் புத்தகத்துல இருக்கு. புத்தகத்துல இல்லாத ஒண்ணைப் பத்தித்தான் பேசப் போறேன். நம்ம உடம்பு நம்மளைக் கேக்காமலே இறுகிப்போவுதே, அதைப் பத்தி.

நான் பிறவியிலேயே முன்கோபி. பிறந்தப்பவே முஷ்டியை மூடிக்கினுதான் வந்தேன்னு எங்க அம்மா சொல்லுவாங்க. எல்லாக் குழந்தையும் அப்படித்தான் வரும்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் அதை ஒரு பெருமையா சொல்லிக்கினு இருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ரெண்டு வருஷம் எனக்கும் மாடுங்களுக்கும் தீராத பகை. மத்தவங்க பின்னால போய் நின்னா அசை போட்டுக்கினு நிக்கற மாடு, நான் போனா வாலை இடுக்கிக்கும். சினை ஊசி போடக் கையை உள்ள விட்டா முதுகை வளைச்சு, கையை அப்படியே இறுக்கிப் பிடிச்சுக்கும். நான் பல்லைக் கடிப்பேன். அது இன்னும் இறுக்கும். நான் இன்னும் கடிப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனா கை வலிக்கறதைவிட தாடை ஜாஸ்தியா வலிக்கும். ஏன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.

ஒரு நாள் மாகறல்லேர்ந்து ஒரு விவசாயி எருமை ஓட்டிக்கினு வந்தார். சினை ஊசிக்கு மூணாவது தடவை. எருமை விட்ட உதையில நான் போய்த் தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்தேன். அவர் என்னைத் தூக்கி விடல. எருமை முதுகைத்தான் தடவிக் கொடுத்தார்.

"சார், கோச்சிக்காதீங்க. நீங்க வரசொல்லவே உங்க மூஞ்சி கடிக்க வர்ற மாதிரி கீது. இது வாயில்லா ஜீவன், இன்னா பண்ணும்? நீங்க கடிக்கறதுக்கு மின்னாடி அது ஒதைச்சிட்சி."

எனக்கு வந்த கோபத்துல தொட்டியிலேர்ந்து எழுந்திருக்கக்கூடத் தோணல.

அந்த வருஷம் எங்களுக்குக் காஞ்சிபுரத்துல மூணு நாள் பயிற்சி. காலையில ஆறு மணிக்கு யோகா, தியானம்னு போட்டிருந்தாங்க. யார் தலையில உதிச்ச யோசனையோ! மாட்டுக்கு வைத்தியம் பார்க்கறவன் எதுக்குடா மூக்கைப் பிடிக்கணும்னு எல்லாரும் புலம்பினோம். யோகாவுக்கு வந்தவங்களுக்குத்தான் நாஷ்டா டோக்கன்னு அறிவிச்சாங்க. புலம்பல் அதோட நின்னுபோச்சு.

சொல்லிக் கொடுக்க வந்தவர் ஒல்லியா, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டின ஒரு மனுஷர். பேரு வேணாம், வாத்தியார்னே வெச்சுக்குங்க. மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, உடம்பைத் தளர விடணும், அதான் சவாசனம்னார். அஞ்சாவது நிமிஷம் கூடம் பூரா குறட்டை. நான் மட்டும் ஒழுங்கான மாணவனா முழிச்சுக்கினு, உடம்பைத் தளர்த்திக்கினு கிடந்தேன். அப்படித்தான் நெனச்சுக்கினு இருந்தேன். வாத்தியார் வந்தார். என் வலது காலை ஒரு ஜாண் மேல தூக்கிட்டு, கையை எடுத்தார். கால் கீழ விழல. அந்தரத்துலயே நின்னுச்சு.

"இது யார் காலு?"

"என் கால்தான் சார்."

"இப்ப யாரு அத்தத் தூக்கிப் புடிச்சிக்கினு கீறாங்க?"

பக்கத்துல குறட்டை விட்டுக்கினு இருந்தவன் முழிச்சுக்கினு சிரிச்சான்.

"வுடுன்னு சொன்னா, வுடறதுக்கும் மல்லுக் கட்டறியேப்பா" அப்படின்னார் வாத்தியார். "நீ வுடவே வேணாம். எங்க புடிச்சிக்கினு கீறேன்னு மட்டும் பாரு. தாடையப் பாரு, தோளப் பாரு, விரலப் பாரு, வயித்தப் பாரு. பாத்தாலே பாதி வுட்டுடும். அப்பால மூச்ச நீளமா வெளிய வுடு. அவ்ளோதான் வித்தை."

அவ்ளோதான் வித்தைன்னு அவர் சொல்லிட்டார். எனக்கு ரெண்டு மாசம் பிடிச்சுது. தினம் காலையில பாயைப் போட்டுப் படுத்து, "தாடை... தோள்... விரல்... வயிறு..."ன்னு முணுமுணுப்பேன். என் சம்சாரம் வாசல் பெருக்கிக்கினே எட்டிப் பார்த்து, "இன்னாங்க, கறிக்கடைக்குப் போறீங்களா?"ன்னு கேப்பா.

ஆனா பலன் கிடைச்சுது, இல்லைன்னு சொல்லக்கூடாது. கையை உள்ள விடறதுக்கு முன்னால தாடையைப் பார்ப்பேன். பல்லு பல்லோட ஒட்டிக்கினு இருக்கும். பார்த்ததும் விட்டுடும். தோள் ரெண்டும் தன்னால இறங்கும். மாடும் வாலை விட்டுடும். அந்த மாகறல் எருமைகூட என்னை ஒரு மனுஷனா மதிச்சு நின்னுச்சு.

உடனே நான் ஞானி ஆயிட்டேன். அங்கதான் வந்துது பேஜார். பார்க்கறவங்களுக்கெல்லாம் உபதேசம். "டென்ஷன் ஆவாதீங்க. மூச்சை இழுத்து விடுங்க." பஸ்ல சில்லறைக்குச் சண்டை போட்டுக்கினு இருந்த கண்டக்டர்கிட்ட, "தோளைக் கொஞ்சம் தளர்த்துங்க சார்"னு ஒரு நாள் சொல்லிவெச்சேன். அவர் விசிலடிச்சு என்னை நடு ரோட்ல இறக்கி விட்டுட்டார். வெயில்ல நடந்து வந்தும் எனக்குப் புத்தி வரல. அந்தாளுக்குத்தான் பக்குவம் பத்தலைன்னு நெனச்சேன்.

இப்ப நான் சொல்ல வந்த சமாசாரத்துக்கு வர்றேன்.

சேயாத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர். காலையில எட்டு மணிக்கு ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடியாந்தான். அவன் பொண்டாட்டி பூங்காவனம் வளர்க்கற மாடு விடியற்காலையிலேர்ந்து முக்கிக்கினு கிடக்குது, கன்னு வரலன்னான். டாக்டர் அன்னிக்குப் பழையசீவரத்துல தடுப்பூசி முகாம்ல இருந்தார். அவருக்கு ஆள் அனுப்பிட்டு நான் சைக்கிளை எடுத்தேன். அவர் வந்து சேர மத்தியானம் ஆயிடும்னு தெரியும்.

அது வாரத்து மாடு. வாரம்னா உங்க வயசுக்குத் தெரியாம இருக்கலாம். மாடு ஒருத்தருது, வளர்க்கறது இன்னொருத்தர். கன்னுக்குட்டியா வாங்கிக்கினு வந்து, புல்லறுத்துப் போட்டு, வளர்த்து ஆளாக்கணும். முதல் ஈத்துக் கன்னு மாட்டுக்காரருக்கு. ரெண்டாவது ஈத்துக் கன்னு வளர்த்தவங்களுக்கு. இது அந்தப் பக்கத்து வழக்கம், எழுத்து கிழுத்து எதுவும் கிடையாது, வாய்வார்த்தைதான்.

மாட்டுக்காரர் அந்த ஊர்ல நாலு காணி வெச்சிருந்த கோதண்டம். எல்லாரும் அவரை நைனான்னுதான் கூப்பிடுவாங்க. பூங்காவனம் அவர் நிலத்துலயே நடவு நட்டு, களையெடுக்கற பொம்பளை. முதல் ஈத்துல பொறந்த காளைக்கன்னு அவர் கொட்டாய்க்குப் போய் ஒரே மாசத்துல செத்துப்போச்சு. அப்போ அது முதல் கன்னுன்னு சேத்தியா, இல்லியா? அந்தம்மா வருஷம் பூரா கேட்டுக்கினே இருந்துது. அவர் "பொறக்கட்டும், பாக்கலாம்"னு சொல்லிக்கினே இருந்தார். இப்ப பொறக்கவேண்டிய கன்னு உள்ள மாட்டிக்கினு கிடக்குது. அந்தம்மா பேர்ல சொந்தம்னு சொல்லிக்க உலகத்துல வேற எதுவும் இல்ல. இதெல்லாம் நான் சைக்கிளை நிறுத்தறதுக்குள்ள பத்துப் பேர் சொல்லிட்டாங்க.

மாடு புங்கமரத்தடியில ஒருக்களிச்சுப் படுத்துக் கிடந்துது. தலை பூங்காவனம் மடியில. மூக்கணாங்கயித்தை அந்தம்மா ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கினு உக்காந்திருந்துது. பின்பக்கம் கன்னோட ரெண்டு முன்னங்கால் மட்டும் வெளிய தெரிஞ்சுது. தலை வரல. நாலு வாட்டசாட்டமான ஆளுங்க கயித்தோட ரெடியா நின்னாங்க. கோதண்டம் வெள்ளை வேட்டியில, ஒரு முக்காலி போட்டு உக்காந்திருந்தார்.

கையை விட்டுப் பார்த்தேன். தலை உள்ளயே பக்கவாட்டுல திரும்பிக் கிடந்துது. அதை நேராக்காம இழுத்தா கன்னும் போயிடும், மாடும் கிழிஞ்சுபோயிடும். நான் கழுத்தைத் தேடறேன், மாடு முக்குது. என் கை அதோட இடுப்பெலும்புக்கும் கன்னுக்கும் நடுவுல மாட்டி நசுங்குது. மறுபடியும் தள்றேன், மறுபடியும் முக்குது. சுத்தி நின்ன சனம், "ஆங், அப்படித்தான், வுடாத சார், புடி சார்"னு கத்துது. கால் மணி நேரத்துல என் கை மரத்துப்போச்சு. விரலைக் கன்னோட வாயில வெச்சுப் பார்த்தேன். அசைவு இல்ல. குளம்பைக் கிள்ளினேன். ஒண்ணும் இல்ல.

கையை வெளிய எடுத்துட்டு, பெரிய டாக்டர் மாதிரி அறிவிச்சேன். "கன்னு செத்துப்போச்சு."

"அப்ப இன்னா பாக்கறது?" கோதண்டம் எழுந்துட்டார். "போனது போவட்டும். கவுறு கட்டி இழுங்கடா. மாட்டையாவது காப்பாத்துவோம்."

பூங்காவனம் அழல. "சார், இன்னொரு வாட்டி பாரு சார்"னு மட்டும் சொல்லிச்சு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. "நான் இன்னா பொய்யா சொல்றேன்? அதான் பார்த்துட்டேனே! நீ டென்ஷன் ஆவாதம்மா. மூச்சை நல்லா இழுத்து விடு."

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துது. "நான் மூச்சு வுட்டுக்கினுதான் சார் கீறேன். நீதான் வுடாம கீற."

சனம் கொல்லுன்னு சிரிச்சுது. என் மானம் போச்சு. ஆனா அந்தம்மா சொன்னது நிஜம். அப்பதான் பார்த்தேன். பல்லு கிட்டிச்சுப்போயிருக்கு. இடது கை மாட்டு வாலை முறுக்கிப் பிடிச்சுக்கினு இருக்கு. கால் கட்டைவிரல் செருப்பைக் கவ்விக்கினு இருக்கு. மூச்சு நெஞ்சுக்குழியில நிக்குது. மரத்துப்போன கையை வெச்சுக்கினு ஓர் உயிர் இருக்கா இல்லையான்னு தீர்ப்பு சொல்லியிருக்கேன்! வெட்கமா இருந்துது, பயமாவும் இருந்துது.

"யாரும் கயித்தைத் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு, சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, மாட்டுக்குப் பின்னால சாணியும் தண்ணியுமா கிடந்த மண்ணுல அப்படியே படுத்தேன். வலது கையை உள்ள விட்டு, சும்மா வெச்சேன். கண்ணை மூடினேன். தாடை. தோள். விரல். வயிறு.

இதுல ஒரு தப்பு பண்ணிட்டேன். என்ன பண்ணப் போறேன்னு யார்கிட்டயும் சொல்லல.

"ஐயோ, சார் மயங்கிட்டாரு!"ன்னு ஒரு குரல். "மயக்கம் இல்லடா, வாய் முணுமுணுக்குது பாரு, வலிப்பு!"ன்னு இன்னொண்ணு. யாரோ ஒரு குடம் தண்ணியை என் மூஞ்சியில கொட்டினாங்க. வலிப்பு வந்தவங்க கையில இரும்பைக் கொடுத்தா நிக்கும்னு நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கே, கோதண்டம் இடுப்புல இருந்த சாவிக்கொத்தை உருவி என் இடது கையில திணிச்சார். நான் விரலைத் தளர்த்தணும்னு விரிக்கறேன். சாவி கீழ விழப்போவுதுன்னு அவர் என் விரலை ஒண்ணொண்ணா மடக்கறார். நான் விரிக்க, அவர் மடக்க. "உடம்பு இன்னா விறைப்பா கீது பாரு!"ன்னு வேற சொல்றார். யோகாவுல எத்தனையோ இடைஞ்சல் சொல்லுவாங்க. சாவிக்கொத்தோட ஒருத்தர் கூடவே உக்காருவார்னு எந்த வாத்தியாரும் சொன்னதில்ல.

"நைனா, எனக்கு ஒண்ணும் இல்ல. கம்னு இருங்க"ன்னேன். சனம் கொஞ்சம் அடங்குச்சு.

மாடு முக்கும்போது நான் எதிர்க்கல. கையை அதோட இஷ்டத்துக்கு விட்டேன். முக்கல் நின்னதும் உள்ள கொஞ்சம் எடம் கிடைச்சுது. கையில எறும்பு ஊர்ற மாதிரி உணர்ச்சி திரும்பி வந்துது. விரலைக் கன்னோட வாயில வெச்சுட்டு, ஒண்ணும் பண்ணாம கிடந்தேன். ஒரு முக்கல் போச்சு. ரெண்டாவது போச்சு. அப்புறம் விரல் நுனியில ஏதோ சொரசொரன்னு. நாக்கு! செத்துப்போச்சுன்னு நான் தீர்ப்பெழுதின கன்னு என் விரலைச் சப்புச்சு.

"உயிர் கீது! கவுத்தைக் கீழ போடுங்கடா!"ன்னு கத்தினேன்.

"இன்னா சார் வெளையாடறியா?" கோதண்டம் சாவியை மறந்துட்டார். "இப்பதான செத்துட்சின்ன?"

"தப்பா சொல்லிட்டேன் நைனா."

தம்பிங்களா, இந்த வேலையில நான் சொன்னதுலயே கஷ்டமான வார்த்தை அது. ஊரே கூடி நிக்கும்போது, ஒரு மணி நேரத்துல ரெண்டு தீர்ப்பு சொல்றவனை யார் நம்புவாங்க? இருந்தாலும் சொல்லித்தான் ஆவணும். நம்ம கௌரவத்தைக் காப்பாத்தப் போய் ஓர் உயிரை விட்டுடக்கூடாது.

"லேட்டாகி என் மாடு பூட்சின்னா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு." சொல்லிட்டேன். சொன்ன அடுத்த நொடி என் தாடை மறுபடியும் பூட்டிக்கிச்சு. நான் ஞானியா இருந்த காலம் அதோட முடிஞ்சுது.

அந்த நாலு வாட்டசாட்டத்துக்கும் கை துறுதுறுன்னு இருந்துது. சும்மா நிக்கச் சொன்னா நிக்க மாட்டாங்க. அதனால அவங்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "மாடு முக்கசொல்ல நீங்க நாலு பேரும் மூச்ச நீளமா வெளிய வுடணும். நான் 'இழு'ன்னு சொல்ற வரைக்கும் அதான் உங்க வேலை." மூஞ்சியை சீரியஸா வெச்சுக்கினு நாலு பேரும் ஊதினாங்க. அவங்களைப் பார்த்து மொத்த சனமும் ஊதுச்சு. மாட்டுக்கு அது புரிஞ்சுதான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா ஊதிக்கினே கத்த முடியாது இல்லையா, சத்தம் நின்னுபோச்சு. எனக்கு அது போதும்.

முக்கல் நிக்கற சந்துல கன்னை உள்ள தள்ளி, மோவாய்ல விரலைக் கோத்து, கொஞ்சம் கொஞ்சமா தலையைத் திருப்பினேன். எவ்ளோ நேரம் ஆச்சுன்னு தெரியல. தலை கால் மேல வந்து உக்காந்துது. அடுத்த முக்கல்ல மாடே பாதி வேலையை முடிச்சுது. "இழு"ன்னேன். மெதுவா இழுத்தாங்க. கன்னு சொதக்குன்னு என் நெஞ்சு மேல வந்து விழுந்துது. மூச்சு இல்ல. வாயைத் துடைச்சு, ஒரு வைக்கோலை எடுத்து மூக்குல விட்டுக் குடைஞ்சேன். கன்னு தும்மின தும்மல்ல கோதண்டத்தோட வெள்ளை வேட்டி பாழாப்போச்சு. சனம் விசிலடிச்சுது.

பொட்டைக் கன்னு.

மாடு எழுந்திருக்கப் பார்த்துது, கன்னை நக்கறதுக்கு. எழுந்திருக்க முடியல. ஏன்னா பூங்காவனம் கயித்தை விடல. ரெண்டு கையும் கயித்தைச் சுத்தி இறுகி, விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போயிருந்துது. பாவம், காலையிலேர்ந்து பிடிச்சுக்கினே இருந்ததுல பிடிப்பு விறைச்சுக்கிச்சுன்னு நெனச்சேன். நமக்குத் தெரிஞ்ச வித்தை ஆச்சே. பக்கத்துல போய் மண்டிபோட்டு, குரலை இறக்கி, "எல்லாம் முடிஞ்சிட்சிம்மா. கண்ணை மூடு. விரலை மட்டும் கவனி. தன்னால வுட்டுடும்"னேன்.

"விரலு நல்லாத்தான் சார் கீது" அப்படின்னுது அந்தம்மா. "அவரு வாயத் தொறக்கட்டும்."

எல்லாரும் கோதண்டத்தைப் பார்த்தாங்க. அவர் கன்னைப் பார்த்தார். பொட்டை, ஜெர்சி கலப்பு, நெத்தியில வெள்ளை. தாடை ரெண்டு தரம் அசைஞ்சுது. மாடு 'ம்மா'ன்னு ஒரு குரல் கொடுத்துது. கயிறு அசையல. கன்னு பொறந்தும் ஊதிக்கினே இருந்த அந்த நாலு பேரும் ஊதறதை நிறுத்திட்டாங்க. இனிமே அவர் அங்கேர்ந்து போவணும்னாலும் அந்த வார்த்தையைச் சொல்லிட்டுத்தான் போவணும்.

"சரி, உனுதுதான்" அப்படின்னார், வேட்டியைப் பார்த்துக்கினே.

"எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லு நைனா."

"உனுதுதான்டி! மொதக் கன்னு எனக்கு வந்துட்சி, இது உனுது! போதுமா? மாட்ட வுடுடி, நக்கட்டும்!"

பூங்காவனத்தோட விரல் ஒண்ணொண்ணா விரிஞ்சுது. உள்ளங்கையில கயித்தோட முறுக்கு அப்படியே பதிஞ்சிருந்துது. மாடு திரும்பிக் கன்னை நக்க ஆரம்பிச்சுது. அந்தம்மா அந்த ரெண்டு கையையும் மூஞ்சியில வெச்சுக்கினு, தெருவே கேக்கறாப்ல ஓன்னு அழுதுது. அழுது முடிக்கற வரைக்கும் மூச்சைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல.